ஜீனோம் வேலியில் லேப் எடுக்கலாமா? ஐதராபாத் பயோடெக் வட்டாரம், ஒரு மதிப்புரை

ஐந்தாறு பேர் கொண்ட பயோடெக் நிறுவனம், கையில் கொஞ்சம் மானியப் பணம், இடம் தேடும் கட்டம். இந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது சதுர அடிக்கு என்ன வாடகை என்பதைத்தான். அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஏதோ ஓர் ஐ.டி. கட்டடத்தின் மூன்றாவது மாடிதான் ஜெயிக்கும். ஆனால் உலகமெங்கும் பயோடெக் நிறுவனங்கள் சில வட்டாரங்களில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரின் கெண்டல் ஸ்கொயர், சவுத் சான் பிரான்சிஸ்கோ, சான் டியாகோ. இந்தியாவில் ஐதராபாத், பெங்களூரு. அங்கே கொடுக்கும் வாடகையில் பெரும்பகுதி, லேப்பின் கதவுக்கு வெளியே இருப்பவற்றுக்கான விலை. காலையில் போன் செய்தால் மதியம் வந்து நிற்கும் சர்வீஸ் இன்ஜினியர், பக்கத்துக் கட்டடத்தில் பல வருடம் தடுப்பூசிப் புரதம் சுத்திகரித்துவிட்டு வேலை மாற நினைக்கும் ஆள், விதிமுறை தெரிந்த ஆலோசகர் எல்லாரும் அந்த விலையில் அடக்கம்.

அந்தக் கண்ணோடு ஐதராபாத்தின் ஜீனோம் வேலியைப் பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தடுப்பூசி, உயிரியல் மருந்து, ஒப்பந்த ஆராய்ச்சி என்று உற்பத்தியை நோக்கி நகரும் நிறுவனத்துக்கு இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இன்னும் இலக்கு மூலக்கூறையே தேடிக்கொண்டிருக்கும் ஆரம்பக் கட்ட நிறுவனத்துக்கு இது சரியான முதல் முகவரி இல்லை. அவர்கள் ஐதராபாத்துக்குப் போகலாம், ஆனால் நகருக்குள் இருக்கும் வேறு இடத்துக்கு. அது எங்கே என்று கீழே வருகிறது.

இடமும் வரலாறும்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரகதாரியில் வடக்கே போனால் ஷாமிர்பேட் வரும். அதைச் சுற்றி துர்க்கபல்லி, கொல்தூர், கர்க்கபட்லா என்று பரந்து கிடக்கும் பகுதிதான் ஜீனோம் வேலி. ஒன்றுபட்ட ஆந்திரத்தில், சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்தபோது 1999-இல் இது தொடங்கியது. அதே ஆண்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. நாலெட்ஜ் பார்க்கும் 200 ஏக்கரில் துர்க்கபல்லியில் வந்தது. இன்று அதன் பெயர் ஐ.கே.பி. நாலெட்ஜ் பார்க். ஆட்சிகள் மாறின, 2014-இல் மாநிலமே பிரிந்தது, ஆனாலும் பூங்காவை யாரும் கைவிடவில்லை. தொழில் வட்டாரம் ஒன்று வேர்பிடிக்க இருபது வருடம் ஆகும். ஐந்து வருடத்துக்கொரு முறை திட்டத்தின் பெயரையும் இடத்தையும் மாற்றும் மாநிலங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசு நிலம் கொடுத்ததால் மட்டும் வட்டாரம் உருவாகிவிட்டது என்று நினைத்தால் தவறு. ஐதராபாத்தில் அதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். 1961-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்., சோவியத் உதவியோடு அங்கே செயற்கை மருந்து ஆலை கட்டியது. அங்கே வேலை கற்ற வேதிப் பொறியாளர்கள் பின்னால் வெளியே வந்து சொந்த ஆலைகள் வைத்தார்கள். 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் ஐ.டி.பி.எல்.லில் இருந்தவர்தான். 1970-இன் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு விலக்கு கொடுத்துச் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை என்றதும் இந்த வேதியியல் திறமைக்குச் சந்தை கிடைத்தது. இன்னொரு பக்கம் விஞ்ஞானி புஷ்ப மித்ர பார்கவா உருவாக்கிய அரசு ஆய்வு நிலையமான சி.சி.எம்.பி. 1977 முதல் மூலக்கூறு உயிரியலில் ஆட்களைத் தயார் செய்துகொண்டிருந்தது.

இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடம் சாந்தா பயோடெக்னிக்ஸ். 1993-இல் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய இந்த நிறுவனம், சொந்த லேப் இல்லாத காலத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பிறகு சி.சி.எம்.பி. வளாகத்திலும் ஒண்டி நின்று வேலை செய்தது. 1997-இல் இந்தியாவின் முதல் மறுசேர்க்கை (மரபணுவை வேறோர் உயிரியில் சேர்த்துத் தயாரிக்கும்) ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கொண்டுவந்தது. இறக்குமதித் தடுப்பூசியின் விலை அதன் பிறகு அந்த உயரத்தில் நிற்கவே இல்லை. 1996-இல் பாரத் பயோடெக் தொடங்கிய கிருஷ்ணா எல்லா, நம் திருத்தணிப் பக்கத்துக்காரர். அமெரிக்காவிலிருந்து திரும்பியவர் ஐதராபாத்தைத் தேர்ந்தெடுத்தார். 1953 முதல் இருக்கும் பயாலஜிக்கல் ஈ நிறுவனமும் கொல்தூரில் பெரிய தடுப்பூசி ஆலை வைத்திருக்கிறது. தேசியப் பால்வள வாரியத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் கர்க்கபட்லாவில் இருக்கிறது. ஒரே சாலையில் இத்தனை தடுப்பூசி ஆலைகள் இருப்பதுதான் இந்த இடத்தின் உண்மையான சொத்து.

இந்த வரிசை ஐதராபாத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. சான் டியாகோவில் 1978-இல் ஹைப்ரிடெக் என்ற நிறுவனம் தொடங்கியது. 1986-இல் எலி லில்லி அதை வாங்கிய பிறகு வெளியேறியவர்கள் அதே ஊரில் டஜன் கணக்கில் புது நிறுவனங்கள் வைத்தார்கள். முதல் வெற்றி பெற்ற நிறுவனத்தின் ஆட்கள் ஊரை விட்டுப் போகாமல் வெளியே வந்தால்தான் வட்டாரம் பிறக்கிறது.

கெண்டல் ஸ்கொயரின் கதை இன்னும் யோசிக்க வைக்கும். மறுசேர்க்கை டி.என்.ஏ. ஆய்வு ஆபத்தானது என்று 1976-இல் கேம்பிரிட்ஜ் நகரசபை அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பொதுமக்களைக் கொண்ட குழு விசாரித்தது. 1977-இல் நகரம் தானே ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. கம்பெனிகள் ஓடிவிடும் என்று பலர் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. விதி எழுத்தில் இருந்ததால், எதைச் செய்யலாம், எதற்கு யாரிடம் அனுமதி என்று முதலீட்டாளருக்குத் தெளிவாயிற்று. 1980களின் தொடக்கத்திலேயே பயோஜென் என்ற பயோடெக் நிறுவனம் அங்கே வந்துவிட்டது. ஜீனோம் வேலிக்கும் இதே பாடம் பொருந்தும். நிலப் பயன்பாடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல், தீயணைப்புத் தடையின்மைச் சான்று ஆகியவற்றைப் பார்க்கும் அதிகாரிகள், நுண்ணுயிர் வளர்க்கும் ஃபெர்மென்டரையும் கழிவிலுள்ள உயிரிகளைக் கொல்லும் கில் டேங்கையும் ஏற்கெனவே பலமுறை பார்த்தவர்கள். பயோடெக் இல்லாத மாவட்டத்தில் கில் டேங்க் என்றால் என்ன என்று விளக்குவதிலேயே ஒரு பருவம் போய்விடும்.

வட்டாரத்துக்குள் என்ன கிடைக்கிறது

ஐ.கே.பி. தவிர, முன்பு எம்.என். பார்க் என்று அழைக்கப்பட்டு இன்று நியோவான்டேஜ் என்ற பெயரில் இருக்கும் பூங்காவும் ஆயத்த லேப் இடம் தருகிறது. சாய் லைஃப் சயின்சஸ், லாரஸ் லேப்ஸ், சின்ஜீன் போன்றவற்றின் ஆராய்ச்சிப் பிரிவுகள் இந்தப் பூங்காக்களில் இருக்கின்றன. மருந்துத் தர அளவுகோல்களை வெளியிடும் அமெரிக்க ஃபார்மக்கோப்பியா அமைப்பின் இந்திய லேப்பும் இங்கேதான். விம்டா லேப்ஸ் போன்ற பரிசோதனை நிறுவனம் பக்கத்திலேயே இருப்பதால் நிலைப்புத்தன்மைச் சோதனை, நச்சியல் ஆய்வு போன்றவற்றுக்கு மாதிரியைப் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். கூரியரில் போகும் மாதிரி வெப்பம் ஏறிக் கெட்டால் அது மாதிரியின் குறையா, மருந்தின் குறையா என்ற சச்சரவு பல வாரம் இழுக்கும். அந்தத் தலைவலி இங்கே பெரும்பாலும் இல்லை.

விலங்கு ஆய்வுக்கு 2022 டிசம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர்.-இன் தேசிய விலங்கு வள மையம் இங்கே திறக்கப்பட்டது. பொதுத்துறையில் இந்த அளவு வசதி வந்தது பெரிய விஷயம். ஆனால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, மருந்து தயாரான பிறகு விண்ணப்பிப்பவர்கள் நிறையப் பேர். விலங்கு ஆய்வுத் திட்டத்தை எழுதும் வேலையை மருந்து தயாரிப்பு தொடங்கும் அன்றே தொடங்க வேண்டும்.

ஆபத்தான கிருமிகளைக் கையாளும் பயோ சேஃப்டி லெவல் 3 பாதுகாப்புத் தரத்தில் உற்பத்தியே நடத்திய அனுபவம் இந்த வட்டாரத்துக்கு உண்டு. கொரோனா காலத்தில் கோவாக்சின் வந்தது இங்கிருந்துதான். உயிருள்ள வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரிக்கும் வேலையைத் தினமும் செய்த தொழில்நுட்பர்கள் இந்தியாவில் வேறு எங்கும் இத்தனை பேர் ஒரே இடத்தில் இல்லை.

லேப்பைப் பார்க்கப் போகும்போது

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வெள்ளை எபாக்சித் தரையும் கண்ணாடித் தடுப்பும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பார்க்க வேண்டியது கூரைக்கு மேலே, தரைக்குக் கீழே, ஜெனரேட்டர் அறையில்.

மின்சாரம் முதலில். மைனஸ் 80 ஃப்ரீசர் ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 10 முதல் 20 யூனிட் எடுக்கும். பழையது இன்னும் கூட. அவ்வளவும் வெப்பமாக அறைக்குள்தான் வரும். ஐந்து ஃப்ரீசரை ஒரே சிறு அறையில் அடைத்தால் 2 முதல் 4 கிலோவாட் வெப்பம் இரவும் பகலும் கொட்டும். அதை வெளியேற்ற மட்டுமே ஏறத்தாழ ஒரு டன் ஏ.சி. வேண்டும். தெலங்கானாவின் மே மாதத்தில் அறை 35 டிகிரியைத் தொட்டால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடிச் சாகும். கட்டட நிர்வாகம் மாலை ஆறு மணிக்கு மைய ஏ.சி.யை நிறுத்துமா என்று கேளுங்கள். நிறுத்தும் என்றால் ஃப்ரீசர் அறைக்கும் சர்வர் அறைக்கும் தனி ஏ.சி. வைக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அது எத்தனை விநாடியில் ஏற்கிறது, உங்கள் லேப்பின் எந்தெந்தப் பிளக் அந்த இணைப்பில் இருக்கிறது, கடைசியாக முழுச் சுமையில் எப்போது ஓட்டிப் பார்த்தார்கள், பதிவேடு எங்கே என்று வரிசையாகக் கேட்க வேண்டும். காலியாக இருக்கும் ஃப்ரீசர் நிறைந்ததைவிட வேகமாகச் சூடேறும் என்பதால், இடம் மாறிய புதிதில் ஜெல் பேக்குகளை வைத்து இடத்தை நிரப்பிவிடுவது நல்லது.

அடுத்தது காற்று. ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆறடி ஃப்யூம் ஹூட் ஒன்று, கண்ணாடி பாதி திறந்த நிலையில், விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்றை இழுக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 1,300 கன மீட்டர் குளிரூட்டிய காற்றை வெளியே தள்ளுகிறது. நான்கு ஹூட் என்றால் மணிக்கு 5,000 கன மீட்டருக்கு மேல். அதே அளவு புதுக் காற்றைக் கட்டடம் உள்ளே கொடுக்காவிட்டால் லேப்புக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்து கதவைத் திறக்கவே தோளால் தள்ள வேண்டியிருக்கும். ஹூட்டின் இழுப்பும் குறையும். முன்பிருந்த குடித்தனக்காரர் இரண்டு ஹூட் வைத்திருந்த இடத்தில் நீங்கள் ஆறு வைக்கப் போனால் நடப்பது இதுதான். மேல்தளத்துக்குப் போய்ப் புகைபோக்கியும் புதுக்காற்று உறிஞ்சும் வாயும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று நேரில் பாருங்கள். பக்கத்துக் குடித்தனக்காரரின் கரைப்பான் வாசனை உங்கள் செல் கல்ச்சர் அறையில் வந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

செல், கிருமி வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்யும் பயோசேஃப்டி கேபினெட்டை வைக்கும் இடம் இன்னொரு வழக்கமான தவறு. வகுப்பு 2 கேபினெட்டின் பாதுகாப்பு, முன்புறம் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் உள்ளே போகும் மெல்லிய காற்றுத் திரையை நம்பி இருக்கிறது. ஏ.சி. காற்று நேராக விழும் இடத்திலும், கதவுக்கு எதிரிலும், ஆள் நடமாடும் பாதையிலும் வைத்தால் அந்தத் திரை கிழிந்துபோகும். பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறதென்று செல் வளர்ப்புத் திரவமான மீடியாவையும் சீரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். காரணம் கூரையில் இருக்கும். கேபினெட்டை ஒரு மீட்டர் நகர்த்தினாலும் மறுபடி சான்றிதழ்ச் சோதனை செய்ய வேண்டும்: காற்று வேகம், புகை ஓட்டம், ஹெப்பா ஃபில்டரில் கசிவு. இந்தச் சோதனைக்கு வரும் ஆட்கள் வாரம் முழுவதும் இந்த வட்டாரத்தில்தான் சுற்றுகிறார்கள். இதே கேபினெட்டை ஒரு சிறு நகரத்தில் வைத்திருந்தால் அவர்களுடைய பயணச் செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும், அவர்கள் வரும் தேதிக்கும் காத்திருக்க வேண்டும். வட்டாரத்தின் மதிப்பு இப்படிச் சில்லறையாகத்தான் கைக்கு வரும். கூட்டிப் பார்த்தால் வாடகை வித்தியாசத்தை அடைத்துவிடும்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தக்காணப் பாறைப் பகுதியின் போர் தண்ணீர் கடினமானது. 18.2 மெகாஓம் தர மிகத் தூய தண்ணீர் கொடுக்கும் கருவியை நேராக அதில் இணைத்தால் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கட்டடத்தின் பொது ஆர்.ஓ. நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) அறிக்கையைக் கடைசி 12 மாதத்துக்குக் கேளுங்கள். மழைக்காலத்து எண்ணும் கோடைக்கால எண்ணும் ஒன்றாக இருக்காது.

கழிவுதான் மிக முக்கியம். மரபணு மாற்றிய உயிரிகளைக் கொல்லாமல் சாக்கடையில் விடக் கூடாது. சிறு அளவு திரவத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசல் கலந்து 30 நிமிடம் வைத்தால் போதும். ஆனால் பிளீச் கலந்ததை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும். திடக்கழிவை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யும்போது மீடியாவுக்குக் கொடுக்கும் 15–20 நிமிடம் போதாது. பையின் நடுப்பகுதி சூடாக நேரம் எடுக்கும். 45 நிமிடமாவது வையுங்கள், பையின் வாயை இறுக்கிக் கட்டாதீர்கள், வெப்பம் தாங்கும் ஜியோபாசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர் குப்பியை நடுவில் வைத்து அவ்வப்போது சோதியுங்கள். உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-இன்படிச் சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது. அதனால் கழிவு வண்டி வாரத்தில் எத்தனை நாள் பூங்காவுக்கு வருகிறது என்பது வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே தெரிய வேண்டிய விவரம்.

இறக்குமதியும் விமான நிலையமும்

ஜீனோம் வேலி நகருக்கு வடக்கே, ஷம்ஷாபாத் விமான நிலையம் தெற்கே. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் ஏறத்தாழ பாதி வட்டம் சுற்ற வேண்டும். சாலை நன்றாக இருப்பதால் இது பெரிய குறை இல்லை. மருந்துச் சரக்குக்கென்றே குளிர்ப் பகுதி விமான நிலையத்தில் இருக்கிறது. சிக்கல் கிழமையில்தான் வரும். சாதாரண தெர்மோகோல் பெட்டியில் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) நாளைக்கு 2 முதல் 5 கிலோ வரை ஆவியாகும். அமெரிக்காவிலிருந்து நான்கு நாள் பயணம் என்றால் 20 கிலோ போட வேண்டும் என்று விற்பவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வந்திறங்கி, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒப்புதலுக்குத் திங்கள்வரை காத்திருந்தால் என்சைம் வீண். திங்கள் அல்லது செவ்வாயில் வந்திறங்குமாறு அனுப்பச் சொல்வது, சரக்கு முகவர் உலர்பனி மறுபடி நிரப்புவாரா என்று உறுதி செய்வது, இரண்டும் காசு செலவில்லாத முன்னெச்சரிக்கைகள். உலர்பனிக்கும் திரவ நைட்ரஜனுக்கும் இங்கே வாங்குபவர்கள் பலர் என்பதால் வழக்கமான விநியோகம் இருக்கிறது. நைட்ரஜன் வைக்கும் அறையில் ஆக்சிஜன் அலாரம் கட்டாயம். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும்.

ஆட்கள்: பலமும் தலைவலியும்

சுத்திகரிப்பு, தரக் கட்டுப்பாடு, ஆவணப் பதிவு, நிரப்பல் வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அல்வால், பொல்லாரம், கொம்பல்லி பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டை மாற்றாமலே கம்பெனி மாறலாம். பிள்ளைகளின் பள்ளி மாறாது, மனைவியோ கணவரோ வேலையை விட வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அனுபவசாலிகள் சிறு நிறுவனத்தில் சேரத் துணிகிறார்கள். நிறுவனம் மூடினாலும் அதே சாலையில் அடுத்த வேலை உண்டு.

அதே காரணத்தால் நீங்கள் ஒன்றரை வருடம் பயிற்சி கொடுத்த ஆளைப் பக்கத்துப் பெரிய கம்பெனி கூட்டிப்போகும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை செல்லாது. கலிஃபோர்னியாவிலும் இப்படித்தான். அங்கே தொழில் வட்டாரங்கள் தழைத்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். எனவே தடுக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு செய்முறைக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள். செய்முறைக் குறிப்பேட்டை ஆள் போகும் வாரத்தில் எழுதச் சொல்லாமல் வேலை நடக்கும்போதே எழுத வையுங்கள். இரகசியக் காப்பு ஒப்பந்தம் செல்லுபடியாகும், அதைக் கவனமாக எழுதுங்கள்.

முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள் கதை வேறு. கச்சிபவுலி, மாதாபூர் பக்கம் குடியிருக்கும் கணினி உயிரியல் ஆளை வாரம் ஆறு நாள் ஷாமிர்பேட்டுக்கு வரச் சொன்னால் வரமாட்டார். பெரிய கம்பெனிகள் சொந்தப் பேருந்து ஓட்டுகின்றன. ஐந்து பேர் கம்பெனிக்கு அது கட்டாது. பூங்காவின் பொதுப் பேருந்து எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு என்று பாருங்கள். 48 மணி நேரச் செல் சோதனையை வியாழன் மாலை தொடங்கினால் சனி மாலை வந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பேருந்தும் இருக்காது, சாப்பாடும் இருக்காது. சோதனை நாட்காட்டியையே போக்குவரத்தை வைத்துப் போட வேண்டிய இடம் இது. ஷாமிர்பேட் பக்கம் பிட்ஸ் பிலானியின் ஐதராபாத் வளாகம் இருப்பது பயிற்சி மாணவர்களைப் பிடிக்க உதவும்.

மருத்துவமனைகளும் தூரம். நோயாளியின் இரத்த மாதிரியை இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்க வேண்டிய ஆய்வு உங்களுடையது என்றால் ஜீனோம் வேலி வேண்டாம். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் நகருக்குள் சி.சி.எம்.பி.யின் அடல் இன்குபேஷன் மையத்தையோ, ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆஸ்பயர் பயோநெஸ்ட்டையோ முதலில் பாருங்கள். பொதுக் கருவிகள், பேச்சுத் துணைக்கு விஞ்ஞானிகள், ஒரு லேப் மேசை அளவுக்குக்கூட வாடகை. தயாரிப்பு முறை ஒரு லிட்டரிலிருந்து ஐம்பது லிட்டருக்குப் போகும்போது ஷாமிர்பேட்டுக்கு மாறினால் போதும்.

பெங்களூருவும் தரமணியும்

பெங்களூருவை ஒரே வட்டாரம் என்று எண்ணிப் போகக் கூடாது. வடக்கே பெல்லாரி சாலையில், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் என்ற உயிரியல் ஆய்வு நிலையங்கள், 2009-இல் தொடங்கிய பொதுக் கருவி மையமான சி-கேம்ப் மூன்றும் சேர்ந்து இருக்கின்றன. கண்டுபிடிப்புக் கட்டத்துக்கு இதுவே என் முதல் தேர்வு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், உயர் ரக நுண்ணோக்கி, செல் பிரிப்பான் எல்லாம் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம், இயக்கத் தெரிந்த ஆளும் கூடவே இருப்பார். தெற்கே எலக்ட்ரானிக் சிட்டியில் பெங்களூரு பயோஇன்னொவேஷன் சென்டர், அதே திசையில் 1978 முதல் இருக்கும் பயோகான். இரண்டுக்கும் நடுவே முழு நகரமும் அதன் போக்குவரத்தும் கிடக்கிறது. காலை ஒரு பக்கம், மாலை மறுபக்கம் என்று திட்டம் போடாதீர்கள்.

சென்னைத் தரமணியில் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் டைசல் பயோ பூங்காவும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கும் அருகருகே. நோய்கண்டறி கருவி, மருத்துவச் சாதனம் செய்பவர்களுக்கு இது ஐதராபாத்தைவிட நல்ல இடம். இன்ஜினியர்கள், மருத்துவமனைகள், அடையாறு புற்றுநோய் மையம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். உயிரியல் மருந்து தயாரிப்புக்கு ஆள் தேடினால்தான் கை வறண்டுபோகும்.

இது வருத்தமான விஷயம், ஏனென்றால் தடுப்பூசியில் தமிழ்நாட்டுக்கு ஐதராபாத்தைவிடப் பழைய வரலாறு உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1899, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907, பிறகு கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம். இங்கே வேலை கற்றவர்கள் அரசுப் பணியிலேயே இருந்து ஓய்வு பெற்றார்கள். வெளியே வந்து நிறுவனம் தொடங்க வழியும் முதலீடும் இருக்கவில்லை. 2008 ஜனவரியில் குன்னூர், கிண்டி, இமாசலத்தின் கசௌலி நிலையங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டபோது இருந்த சங்கிலியும் அறுந்தது. அதற்கு மாற்றாகச் செங்கல்பட்டில் 100 ஏக்கரில் எழுந்த, பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல்.-இன் தடுப்பூசி வளாகம், கொரோனா காலத்தில்கூடத் தடுப்பூசி தயாரிக்காமல் கிடந்தது. கட்டடமும் கருவியும் இருந்தன. சுற்றிலும் சப்ளையரும், ஓடும் ஆலையிலிருந்து வரும் ஆட்களும், ஒப்பந்தம் கொடுப்பவரும் இல்லை. ஜீனோம் வேலியின் பலம் என்ன என்று கேட்பவருக்குச் செங்கல்பட்டைக் காட்டினாலே போதும். அந்த வளாகத்தை ஓட வைக்கும் முயற்சியில் சுற்றிலும் சிறு நிறுவனங்களுக்கு இடம் கொடுப்பதும் சேர வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப நிறுவனமான பைராக், புது முயற்சிகளுக்குத் தரும் பிக் மானியம் 50 லட்ச ரூபாய் வரை, 18 மாதத்துக்கு. பூங்காக்களின் வழக்கமான பூட்டுக் காலம், அதாவது இடையில் காலி செய்ய முடியாத காலம், மூன்று வருடம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் பத்தொன்பதாம் மாதத்தில் திண்டாடுகிறார்கள். மானியத்தில் இருக்கும் வரை இன்குபேட்டரில் (புது நிறுவனங்களுக்கு இடம் தரும் மையத்தில்) மாத வாடகையில் இருங்கள்.

வாடகைச் சதுர அடியில் நடைபாதை, படிக்கட்டு, ஜெனரேட்டர் அறைப் பங்கு எல்லாம் சேரும். கால் வைக்கக் கிடைக்கும் பரப்பு எவ்வளவு என்று அளந்து தரச் சொல்லுங்கள். பராமரிப்புக் கட்டணத்தில் குளிர்நீர் அடங்குமா, யூனிட் கணக்கில் தனியா என்று கேளுங்கள். இரவும் ஓடும் லேப்புக்கு வாடகையைவிட இது பெரிய தொகையாகிவிடும்.

மறுசேர்க்கை டி.என்.ஏ. வேலைக்கு நிறுவன உயிர்ப் பாதுகாப்புக் குழு வேண்டும். மருத்துவத் தகுதியுள்ள உயிர்ப் பாதுகாப்பு அலுவலர், வெளி நிபுணர், உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஆகியோர் அதில் இருக்க வேண்டும். குழு அமைந்து முதல் கூட்டம் நடக்கச் சில மாதம் ஆகும். அதனால் லேப் கட்டும் வேலையோடு சேர்த்தே விண்ணப்பியுங்கள். இன்குபேட்டரில் இருந்தால் அவர்களுடைய குழுவின் கீழ் வேலை செய்ய முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தூய எத்தனாலுக்கு மாநில ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி தனி. ஊர் மாறினால் பழைய அனுமதி செல்லாது.

வெளியேறும் பிரிவையும் படியுங்கள். காலி செய்யும்போது லேப்பைக் கிருமி நீக்கிய சான்றிதழ் யார் தர வேண்டும், கேபினெட்டுகளை ஃபார்மால்டிஹைடாலோ ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியாலோ புகைக்கும் செலவு யாருடையது, நீங்கள் போட்ட குழாய்களையும் டக்டுகளையும் கழற்றி எடுக்க வேண்டுமா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். உள்ளே நுழையும்போதும் இதையே எதிர்ப்பக்கமிருந்து கேளுங்கள்: முன்பு அந்த லேப்பில் இருந்தவர் எந்த உயிரியில் வேலை செய்தார், கிருமி நீக்கிய சான்றிதழின் நகல் எங்கே. அந்தத் தாளைக் காட்ட முடியாத லேப்பைச் சாவி வாங்கும் முன் உங்கள் செலவில்லாமல் புகைத்துத் தரச் சொல்லுங்கள்.